‘சூசைட்’ என்ற சொல்லைத் தமிழில் கையாள்வது எப்படி: படிப்படியான வழிகாட்டி

ஆங்கிலச் செய்திகளைத் தமிழுக்குக் கொண்டுவரும் மேசையில் புதிதாக உட்காருபவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் பயிற்சி ஐந்து வாக்கியங்கள். ஐந்திலும் ‘சூசைட்’ வரும், ஆனால் ஒவ்வொன்றிலும் அதற்கு வேறு வேறு வேலை. அநேகமாக எல்லோரும் ஐந்து இடத்திலும் ‘தற்கொலை’ என்று போட்டு இரண்டே நிமிடத்தில் திருப்பித் தந்துவிடுவார்கள். அப்புறம் ஒரு மணி நேரம் பேசுவோம். அந்தப் பேச்சைத்தான் இங்கே வரிசையாக எழுதியிருக்கிறேன்.

செய்திக்கு மட்டுமல்ல, சப்டைட்டில், பள்ளிச் சுற்றறிக்கை, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடும் இரங்கல் என எதற்கும் இதே வரிசைதான். புதியவர்கள் தலைப்பில் ஆரம்பித்து, அந்தத் தலைப்புக்கு ஏற்றபடி செய்தியை வளைப்பார்கள். பாதித் தவறுகள் அங்கேயே நடந்துவிடும்.

1. எழுதும் முன் கையில் இருக்க வேண்டியவை

மூலச் செய்தி முழுவதும் வேண்டும், முதல் பத்தி மட்டும் போதாது. முதல் பத்தியில் உறுதியாகச் சொன்னதை ஏழாவது பத்தியில் “காவல்துறை விசாரித்துவருகிறது” என்று மூலமே தளர்த்தியிருக்கும்.

இது தற்கொலை என்று சொன்னது யார் என்ற விவரம் வேண்டும். காவல்துறையா, மருத்துவரா, குடும்பமா, பக்கத்து வீட்டுக்காரரா? பெயர் தேவையில்லை, எந்த இடத்திலிருந்து வந்த பேச்சு என்பது தெரிந்தால் போதும்.

எந்த நாட்டு வாசகருக்கு எழுதுகிறோம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சென்னையில் சாதாரணமாகப் புழங்கும் சொல் யாழ்ப்பாணத்தில் வேறு மாதிரி இருக்கும். சட்டமும் உதவி எண்ணும் நாட்டுக்கு நாடு மாறும்.

2. அந்தச் சொல் இங்கே என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள்

இலத்தீனில் ‘சூயி’ என்றால் தன்னை, ‘கைடெரே’ என்றால் கொல்லுதல் அல்லது வெட்டுதல். இரண்டும் சேர்ந்து வந்ததுதான் சூசைட். தமிழிலும் தன் + கொலை சேர்ந்து தற்கொலை ஆகிறது. அச்சு அசலாகப் பொருந்துவதால்தான் புதியவர்கள் யோசிக்காமல் போட்டுவிடுகிறார்கள்.

பழைய ஆங்கில நூல்களில் இறந்த ஆளையே ‘எ சூசைட்’ என்பார்கள். அதை “ஒரு தற்கொலை” என்று எழுதினால் பொருளும் தவறு, மரியாதையும் போய்விடும். ஓர் ஆளின் முழு வாழ்க்கையையும் அவர் இறந்த விதத்துக்குள் சுருக்குவதால் இன்றைய ஆங்கிலத்திலும் அந்த வழக்கைத் தவிர்க்கிறார்கள். ‘தற்கொலை செய்துகொண்டவர்’ என்று ஆளை ஆளாகவே எழுதுங்கள்.

உவமையாக வரும்போது அந்தச் சொல்லே வேண்டாம். ‘பொலிட்டிகல் சூசைட்’ என்பதற்கு ‘அரசியல் தற்கொலை’ என்று பழகிவிட்டோம். “தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார்” என்றோ “சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டார்” என்றோ எழுதினால் கிண்டலும் கூடுகிறது, யார் மனதும் நோகாது. வீட்டில் அப்படி ஓர் இறப்பைப் பார்த்தவர் கூட்டணிச் செய்தி படிக்கும்போது அந்தச் சொல்லில் போய் இடித்துக்கொள்ள வேண்டியதில்லை.

கூடைப்பந்துப் பயிற்சியில் கோட்டைத் தொட்டுத் திரும்பி, அடுத்த கோட்டைத் தொட்டுத் திரும்பி ஓடும் ஓட்டத்துக்கு அமெரிக்காவில் ‘சூசைட்ஸ்’ என்று பேச்சுவழக்கு. ஒரு தம்பி அதை “பயிற்சியாளர் மாணவர்களைத் தற்கொலை ஓட்டம் ஓடவைத்தார்” என்று எழுதிக்கொண்டுவந்தார். உடற்செல் தன்னைத் தானே அழித்துக்கொள்வதும் ஆங்கில அறிவியல் கட்டுரைகளில் இதே சொல்லால் வரும். ‘செல்லின் திட்டமிட்ட இறப்பு’ என்றால் மாணவருக்குப் பொருளும் புரிந்துவிடும்.

அதிகம் தடுக்கிவிழுவது கூட்டுச்சொற்களில்தான். ‘சூசைட் வாட்ச்’ என்பதைத் ‘தற்கொலைக் கண்காணிப்பு’ என்றால் யாரோ நின்று வேடிக்கை பார்ப்பதுபோல் ஒலிக்கிறது. “தன்னைத் தானே மாய்த்துக்கொள்ளாதபடி இடைவிடாத கண்காணிப்பில் வைக்கப்பட்டிருக்கிறார்” என்று நீட்டி எழுதலாம், தப்பில்லை.

‘அசிஸ்டட் சூசைட்’ வேறு, கருணைக்கொலை வேறு. கடைசிச் செயலைச் செய்வது யார் என்பதுதான் வித்தியாசம். மருத்துவர் எழுதித் தந்த மருந்தை நோயாளி தாமே எடுத்துக்கொண்டால் முதலாவது, மருத்துவரே செலுத்தினால் இரண்டாவது. இந்திய உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் அனுமதித்தது இவை இரண்டையும் அல்ல, மீள முடியாத நிலையில் இருப்பவருக்கு உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்துவதையோ தவிர்ப்பதையோதான்.

உணவை மெல்ல மெல்லக் கைவிட்டு இறப்பை ஏற்கும் சமண நோன்பான சல்லேகனையை மூலத்தில் சூசைட் என்று எழுதியிருந்தாலும் தமிழில் ‘சல்லேகனை’ என்றே வையுங்கள். இராஜஸ்தான் உயர் நீதிமன்றம் 2015 ஆகஸ்டில் அதைத் தற்கொலையோடு சேர்த்துத் தீர்ப்பளித்தது, அந்த மாதமே உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. நீதிமன்றத்தில் இருக்கும் கேள்விக்கு உங்கள் மொழிபெயர்ப்பு பதில் சொல்லக் கூடாது. அதேபோல், ஈழப் போர் பற்றிய எழுத்தில் ‘தற்கொலைப்படை’ என்றால் ஒரு பக்கம், ‘தற்கொடை’ என்றால் இன்னொரு பக்கம். மேற்கோளில் இருப்பதை மாற்றாதீர்கள், உங்கள் வாக்கியத்தில் என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்லுங்கள்.

கூட்டுச்சொற்களில் என்னைத் தூங்கவிடாதது ‘மர்டர்-சூசைட்’. தமிழில் அது “இரண்டு குழந்தைகளுடன் தாய் தற்கொலை” என்றோ “குடும்பத்தோடு தற்கொலை” என்றோ ஆகிவிடுகிறது. நாலு வயதுக் குழந்தை தற்கொலை செய்துகொள்ளவில்லை. அது கொல்லப்பட்டது. ‘உடன்’ என்ற ஓர் உருபு கொலையை மறைத்துவிடுகிறது. அந்தத் தாய் என்ன பாடு பட்டிருப்பார் என்ற இரக்கம் எனக்கும் உண்டு, அதை வேறு வாக்கியத்தில் காட்டலாம். இந்த வாக்கியத்தில் “இரண்டு குழந்தைகள் கொல்லப்பட்டனர், தாயும் உயிரிழந்தார்” என்றுதான் வர வேண்டும், அதுவும் விசாரணை அப்படிச் சொன்னால்.

3. உறுதியானதா என்று பாருங்கள்

‘அப்பேரன்ட்’, ‘சஸ்பெக்டட்’, ‘ரூல்டு’ ஆகிய மூன்று அடைமொழிகளையும் புதியவர்கள் தூக்கிப் போட்டுவிடுவார்கள். முதல் இரண்டும் ‘இன்னும் உறுதியில்லை’ என்கின்றன, மூன்றாவது ‘விசாரித்துத் தீர்மானித்தாயிற்று’ என்கிறது.

தமிழ்நாட்டுக் காவல் நிலையத்தில் இப்படிப்பட்ட இறப்பு முதலில் சந்தேக மரணமாகத்தான் பதிவாகும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவு இப்போது புதிய சட்டத்தில் 194ஆம் பிரிவு, பேச்சில் இன்னும் 174தான். அந்தக் கட்டத்தில் ‘தற்கொலை’ என்று எழுதுவது விசாரணையைத் தாண்டிப் போவது. நாளைக்கு அது கொலை என்று தெரியவந்தால் செத்தவர்மேல் நாம் ஒரு பொய்யைச் சுமத்தியிருப்போம்.

“தற்கொலை எனக் கூறப்படுகிறது” என்று எழுதித் தப்பித்துக்கொள்வது சோம்பல். யார் கூறினார் என்று எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் “வீட்டில் உயிரிழந்த நிலையில் காணப்பட்டார், காவல்துறை விசாரிக்கிறது” என்பதோடு நிறுத்துங்கள்.

4. வினைச்சொல்லைத் தேர்ந்தெடுங்கள்

ஆங்கிலத்தில் ‘கமிட்டட் சூசைட்’ வேண்டாம், ‘டைட் பை சூசைட்’ என்று எழுதுங்கள் என்கிறார்கள். காரணம் சட்டம். குற்றத்துக்கும் பாவத்துக்கும்தான் அங்கே ‘கமிட்’ வரும். இங்கிலாந்தில் 1961 வரை தற்கொலை குற்றமாக இருந்தது, அந்த வாடை வினைச்சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அசோசியேட்டட் பிரஸ் நடைக்கையேடு 2015இல் அதை விலக்கச் சொன்னது.

இதைப் படித்துவிட்டு வரும் புதியவர்கள் ஆர்வத்தில் “தற்கொலையால் இறந்தார்” என்று எழுதத் தொடங்குவார்கள். புள்ளிவிவர அட்டவணையில் ‘தற்கொலையால் நேரும் இறப்புகள்’ சரி. ஆளைப் பற்றிய வாக்கியத்தில் அது காய்ச்சலால் இறந்தார் என்பதுபோல் ஒட்டாமல் நிற்கிறது. தமிழில் ‘செய்துகொண்டார்’ என்பதில் குற்ற வாடை இல்லை. திருமணத்தையும் செய்துகொள்கிறோம், சமாதானத்தையும் செய்துகொள்கிறோம். ‘கொள்’ என்ற துணைவினை செயல் தன்னை நோக்கியது என்று மட்டும் காட்டுகிறது. ஆகவே ஆங்கிலத்துக்காரர்களின் மருந்தை அப்படியே வாங்கிக் குடிக்க வேண்டாம், நம்முடைய நோய் வேறு இடத்தில் இருக்கிறது.

அதில் முதலாவது விகுதி. “மாணவன் தற்கொலை செய்துகொண்டான்”, “இளம்பெண் தற்கொலை செய்துகொண்டாள்” என்று எழுதும் கை, அதே பக்கத்தில் அமைச்சருக்கு ‘ஆர்’ போடும். பதினாறு வயதுப் பையனுக்கும் ‘ஆர்’ போடுங்கள். ‘பிணம்’ வேண்டாம், ‘உடல்’ என்று எழுதுங்கள். ஆங்கிலத்தில் இல்லாத இந்த மரியாதை நம் மொழியில் இருக்கிறது, செலவில்லாமல் கொடுக்கலாம்.

இரண்டாவது, சட்டம் பற்றிய பழைய நினைப்பு. ‘தற்கொலைக்கு முயன்றது குற்றம்’ என்று இன்னும் எழுதிவருகிறார்கள். இலங்கை 1998இல் அதை நீக்கியது. இந்தியாவில் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவே இல்லை. அரசு ஊழியரைக் கடமையில் நிர்ப்பந்திக்கவோ தடுக்கவோ தற்கொலைக்கு முயல்வது 226ஆம் பிரிவிலும், பிறரைத் தற்கொலைக்குத் தூண்டுவது 108ஆம் பிரிவிலும் இன்னும் குற்றம். மூன்றையும் குழப்பாதீர்கள்.

5. ‘தற்கொலை’ என்ற சொல்லுக்கு மாற்று தேடும்போது

“உயிரை மாய்த்துக்கொண்டார்” நல்ல சொல்தான். இரங்கலில், குடும்பத்தார் படிக்கும் இடத்தில், நான் அதைத்தான் எடுப்பேன். இலங்கைத் தமிழ்ச் செய்திகளில் ‘உயிர்மாய்ப்பு’ இயல்பாகவே வருகிறது.

‘விபரீத முடிவு’, ‘தவறான முடிவெடுத்து’ இரண்டும் இரு கரையிலும் அச்சுத் தேய்ந்த சொற்கள். நோகாமல் சொல்வதாக நினைத்துத்தான் எழுதுகிறார்கள். ஆனால் தமிழில் ‘முடிவு’ என்பது தீர்மானமும்கூட. நிதானமாக உட்கார்ந்து யோசித்து எடுத்த தீர்மானம்போலவும், அதை நாம் மதிப்பெண் போட்டுத் ‘தவறு’ என்று சொல்வதுபோலவும் ஆகிவிடுகிறது. அந்த நேரத்தில் அவர் மனது இருந்த நிலை நமக்குத் தெரியாது.

‘உயிர்த்தியாகம்’, ‘கோழைத்தனம்’ இரண்டுமே வேண்டாம். ஒன்று மாலை போடுகிறது, மற்றது காறித் துப்புகிறது.

அதற்காகத் ‘தற்கொலை’ என்ற சொல்லையே ஒளித்துவைக்கவும் கூடாது. தடுப்பு, சட்டம், புள்ளிவிவரம், உதவி பற்றி எழுதும்போது நேராகவே எழுதுங்கள். பூசி மெழுகினால் உதவி தேடுபவர் இது தனக்கான பக்கம் என்று கண்டுபிடிக்க முடியாது.

6. பிழைத்தவர்களைப் பற்றி எழுதும்போது

‘ஃபெயில்டு அட்டெம்ப்ட்’ என்று மூலத்தில் இருந்தால் “தற்கொலை முயற்சி தோல்வி” என்று வரும். முயற்சி திருவினையாக்கும் என்று படித்து வளர்ந்தவர்கள் நாம், தோல்வி என்றால் அடுத்த முறை ஜெயிக்க வேண்டியது என்று காதில் விழும். “தற்கொலைக்கு முயன்றார், சிகிச்சைக்குப் பின் நலமாக இருக்கிறார்” போதும். ஆங்கிலத்தில் ‘சக்ஸஸ்ஃபுல்’, ‘கம்ப்ளீட்டட்’ என்று வந்தாலும் கண்டுகொள்ளாமல் தாண்டுங்கள்.

‘சூசைட் சர்வைவர்’ ஒரு பொறி. முயன்று பிழைத்தவரையும் குறிக்கும், இப்படி ஒருவரை இழந்த குடும்பத்தாரையும் குறிக்கும். அமெரிக்க எழுத்தில் இரண்டாவது பொருள் மிகச் சாதாரணம். ஓர் அம்மாவின் பேட்டியை எங்கள் மேசையில் “தற்கொலை முயற்சியிலிருந்து மீண்ட தாய்” என்று போட இருந்தோம். அவர் மகனை இழந்தவர். அச்சுக்குப் போகும் முன் நாலாவது பத்தியைப் படித்ததால் பிழைத்தோம்.

‘செல்ஃப்-ஹார்ம்’ என்பதைத் தற்கொலை முயற்சி என்று எழுதாதீர்கள். தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எல்லோரும் இறக்க நினைப்பவர்கள் அல்ல. “தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டார்” என்பதே சரி.

7. காரணத்தை ஒட்டாதீர்கள்

பயிற்சிக்காக நான் எழுதிவைத்திருக்கும் கற்பனைச் செய்தி ஒன்று. ஒரு புதியவர் தமிழாக்கிய விதம்:

“தேர்வில் மதிப்பெண் குறைந்ததால் மனமுடைந்த பிளஸ் டூ மாணவி விபரீத முடிவு. பெற்றோர் திட்டியதால் விரக்தியடைந்த அவள்...”

முதல் சுற்றில் ‘அவள்’ என்பதை ‘அவர்’ ஆக்கினோம். இரண்டாவது சுற்றில் ‘விபரீத முடிவு’ போயிற்று. மூன்றாவது சுற்றில் அந்த இரண்டு ‘ஆல்’களைச் சுழித்தோம். குறைந்ததால், திட்டியதால். தமிழில் ‘ஆல்’ உருபு மிகச் சின்னது, ஆனால் ஒரு வீட்டையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடும். மகளை இழந்த அப்பா அம்மா அந்த வரியைப் படிப்பார்கள். குறைந்த மதிப்பெண் வாங்கிய இன்னொரு பிள்ளையும் படிக்கும், மதிப்பெண் குறைந்தால் அடுத்தது இதுதான் என்று.

கடைசியில் மிஞ்சியது: “பிளஸ் டூ மாணவி ஒருவர் உயிரிழந்தது குறித்துக் காவல்துறை விசாரித்துவருகிறது. அண்மையில் தேர்வு முடிவுகள் வெளியாகியிருந்தன.” இரண்டாவது வாக்கியத்தையும் எடுத்துவிடலாம் என்பேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே வாசகர் தாமாக ‘ஆல்’ போட்டுக்கொள்வார்.

அரசுப் புள்ளிவிவரத்தை எடுக்கும்போதும் இதே கவனம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022இல் இந்தியாவில் 1,70,924 பேர் இப்படி இறந்தார்கள். காரணங்களில் ‘குடும்பப் பிரச்சினை’ முதலிடம். அது காவல் நிலையத்தில் பதிவான வகைப்பாடு. “காவல்துறைப் பதிவின்படி” என்ற இரண்டு சொல் சேருங்கள். (இந்த எண்ணிக்கை இன்னமும் குற்ற ஆவணக் காப்பகத்திலிருந்துதான் வருகிறது என்பதையும் கவனியுங்கள்.)

8. வெட்ட வேண்டியவை

இறந்த முறை, குறிப்பிட்ட இடம், எழுதிவைத்த கடிதம், படம். நான்கும் போக வேண்டும். நொந்துபோயிருக்கும் வாசகருக்கு இவை வழிகாட்டியாகிவிடும். வியன்னாவில் 1987இல் பத்திரிகைகள் சுரங்க ரயில் நிலைய இறப்புகளைப் பரபரப்பாக எழுதுவதை நிறுத்தியபின் அங்கே அத்தகைய இறப்புகள் சட்டென்று குறைந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் வழிமுறைகளையொட்டி இந்திய பிரஸ் கவுன்சிலும் 2019இல் இதையே சொன்னது.

‘வெட்டினால் செய்தியே இல்லையே’ என்பார்கள். சில நேரம் உண்மைதான், அப்போது செய்தி வேண்டாம்.

9. தலைப்பு

இப்போதுதான் தலைப்புக்கு வர வேண்டும். பெயர்ச்சொல்லில் முடியும் “மாணவி தற்கொலை” வகைத் தலைப்பு தமிழில் அறைவதுபோல் விழும். “மாணவி உயிரிழப்பு: காவல்துறை விசாரணை” போதும். ஆச்சரியக்குறி, ‘பகீர்’, ‘அதிர்ச்சி’, ‘நடந்தது என்ன?’ எதுவும் கூடாது.

10. நேரில் கேட்கும்போது

எழுத்தில் கவனமாக இருப்பவர்கள்கூட நண்பர் எதிரே தளர்ந்துபோய் உட்கார்ந்திருந்தால் சொல்லைத் தேடித் தடுமாறுவார்கள். நாம் வழக்கமாகக் கேட்பது, “டேய், தப்பா எதுவும் யோசிக்கலையே?” இந்தக் கேள்விக்குள்ளேயே ‘இல்லை’ என்ற பதில் இருக்கிறது. ‘தப்பு’ என்ற தீர்ப்பும் இருக்கிறது. அவர் ‘சேச்சே’ என்று சொல்லி வாயை மூடிக்கொள்வார்.

“உயிரோட இருக்க வேண்டாம்னு தோணுதா? தற்கொலை எண்ணம் வருதா?” என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ‘ஆமாம்’ என்று பதில் வந்தால் அறிவுரை சொல்லத் தொடங்காமல் அவர் பேசுவதைக் கேளுங்கள். தனியே விடாமல் கூடவே இருந்து, மருத்துவரிடமோ உதவி எண்ணுக்கோ கொண்டுசேருங்கள்.

துக்க வீட்டில் இதற்கு நேர் எதிர். “எப்படி நடந்தது?” என்று கேட்கவே வேண்டாம். இறந்தவர் பெயரைச் சொல்லி, அவரைப் பற்றி ஒரு நினைவைச் சொல்லுங்கள், போதும்.

11. உதவி எண்ணைச் சேருங்கள்

கீழே சின்ன எழுத்தில் ஒட்டாமல், செய்தியின் எழுத்தளவிலேயே போடுங்கள். தேவைப்படுபவர் கடைசி வரி வரை படிப்பார் என்று நம்ப முடியாததால் நான் இரண்டாவது பத்திக்குப் பின்னாலேயே போடுவேன்.

இந்தியாவில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416, தமிழிலும் பேசலாம். தமிழ்நாட்டில் 104, சென்னை சினேகா 044-24640050. இலங்கையில் 1926, சிங்கப்பூரில் 1767. இதைப் படிக்கும்போது உங்களுக்கே மனது கனத்திருந்தால், எழுதும் வேலை நாளைக்கு இருக்கட்டும், முதலில் இவற்றில் ஒன்றை அழையுங்கள்.

எண்கள் மாறுவதுண்டு. நான் எழுதியிருக்கிறேன் என்பதற்காக அப்படியே ஒட்டாதீர்கள். வெளியிடும் முன் ஒரு தடவை அழைத்து, யார் எடுக்கிறார்கள், தமிழில் பேசுகிறார்களா என்று கேட்டுவிட்டு, அழைத்த தேதியை உங்கள் எண் பட்டியலில் பக்கத்திலேயே குறித்துவையுங்கள்.